மூன்று தலையணைகள்

அவரை எல்லோரும் குஷன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் சீட், கார் சீட், பல் டாக்டர் நாற்காலி, எது கிழிந்தாலும் அவரிடம்தான் வரும். வீட்டின் முன்னறையே பட்டறை. ஒரு பக்கம் கனத்த தையல் மெஷின், மறுபக்கம் கூரை வரைக்கும் அடுக்கிய ஃபோம், நடுவில் கால் வைக்க இடமில்லாமல் ரெக்ஸின் சுருள்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் மச்சினனுடைய அறை. அதைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் பேச்சு வராமல் நிற்பார்கள். நான்கு சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு ஃபோம் வைத்து நீல ரெக்ஸின் அடித்திருந்தார். கட்டில் கிடையாது. தரையில் ஒரு மெத்தை, அதைச் சுற்றி இன்னும் மெத்தைகள். கதவு நிலை, ஜன்னல் விளிம்பு, சுவிட்ச் பெட்டியின் மூலை, ஒன்றையும் அவர் விட்டு வைக்கவில்லை. "இந்த ரூமுக்குள்ள ஒரு முட்டைய உருட்டி விடுங்க, உடைஞ்சா என்னைக் கேளுங்க" என்பார். மனுஷனுக்கு அதில் அவ்வளவு கர்வம்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. நாற்பத்தாறு வயது. ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவன். பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் நடை தள்ளாட ஆரம்பித்தது, விரல்கள் தம்பாட்டுக்கு ஆட ஆரம்பித்தன. குடித்துவிட்டு வண்டி எடுக்கிறான் என்று டிப்போவில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஒரு சொட்டுத் தொட்டதில்லை அவன். எங்கெங்கேயோ அலைந்து, கடைசியில் ரத்தப் பரிசோதனையில்தான் அது ஹண்டிங்டன் என்கிற பரம்பரை மூளை நோய் என்று தெரிந்தது. அம்மா வழியாக வந்திருக்கிறது. அம்மாவை நரம்புத் தளர்ச்சி, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லியே சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். அக்காக்காரியும் பரிசோதனை செய்து பார்த்தாள். அவளுக்கு இல்லை. அந்தக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தவள் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். "நல்ல சேதி சொல்றவ இப்படி வெறுங்கையோடயா வருவ?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தவன் தம்பிதான்.

இப்போது அவ்வளவு நீளமாக அவனால் பேச முடியாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும். தோள் துள்ளும், கால் உதறும், கழுத்து ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். தூங்கினால்தான் அடங்கும். ஓயாமல் ஆடுகிற உடம்பு என்பதால் தின்பதெல்லாம் எரிந்துபோகும். நாளைக்கு ஆறு வேளை கூழாக அரைத்துக் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஆகாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு பவுடரைக் கலந்து, தேன் பதத்துக்குக் கெட்டியாக்கி, முகவாயை நெஞ்சோடு தாழ்த்தச் சொல்லி, கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். பேச்சோ, கேள்வி கேட்டால் பதில் வர ஒரு யுகம் ஆகும். "கேட்டுட்டு மனசுக்குள்ள இருபது வரைக்கும் எண்ணுங்க. பதில் உள்ளே தயாரா இருக்கும், வெளியே வரத்தான் நேரமாகும்" என்று நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார்.

மனைவி எண்ணுவாள். குஷன்காரருக்கு ஐந்துக்கு மேல் பொறுமை கிடையாது. ஆறாவதில் அவரே பதிலைச் சொல்லிவிடுவார். "தா..." என்று அவன் ஆரம்பித்தால், "தாகமா? இந்தா" என்று கிண்ணத்தோடு நிற்பார். பத்துக்கு எட்டு சரியாகத்தான் இருக்கும். சரியாக இல்லாத இரண்டுக்கும் மச்சினன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அளவெடுக்காமலே துணி வெட்டுகிறவர் என்று பெயர் வாங்கிய ஆள்; பேச்சையும் அப்படித்தான் வெட்டினார்.

போன வருஷம் குளியலறையில் விழுந்து மச்சினனுக்கு மணிக்கட்டு உடைந்தது. அன்றைக்கு மனைவி ஒரு முடிவு சொன்னாள். "இன்னொரு தடவை விழுந்து அடிபட்டான்னா காப்பகத்துல சேத்துடுவேன். இந்த வியாதிக்காரங்கள பாக்குறதுக்குன்னே ஆள் இருக்காங்க அங்க. எடமும் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அவன் என் தம்பி, என் பேச்சுதான்."

அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள். விடிந்ததும் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகலெல்லாம் வீட்டில் இந்த இரண்டு ஆண்கள்தான். பிள்ளை குட்டி கிடையாது. ஒருவர் மெஷினில் இருப்பார், இன்னொருவன் அவர் செய்துகொடுத்த அகல நாற்காலியில் ஆடிக்கொண்டிருப்பான். "மாப்ளே, இந்தத் தையல் நேரா இருக்கா?" என்பார் இவர். "கோ...ணல்" என்று அரை நிமிஷம் கழித்து வரும். அதற்குள் இவர் அடுத்த சீட்டுக்குப் போயிருப்பார், இருந்தாலும் திரும்பி ஒரு திட்டுத் திட்டாமல் விடமாட்டார். கூடப் பிறந்தவர்களிடம்கூட அவர் இவ்வளவு பேசியதில்லை. அவன் இல்லாத பட்டறையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

இந்த நிலைமையில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

முடி வெட்டுகிற நாள். அறைக்குள் வெட்டினால் முடியெல்லாம் ஃபோமில் ஒட்டிக்கொள்ளும் என்று பின்கட்டில் உட்கார வைப்பார். அகல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வர அன்றைக்குச் சோம்பல். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டார். சீப்பை உள்ளே வைத்துவிட்டோமே என்று நாலு எட்டு எடுத்து வைத்தார், அவ்வளவுதான். பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால் நாற்காலி ஒரு பக்கம், மச்சினன் ஒரு பக்கம். பின்மண்டை தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் விளிம்பில் இருந்தது.

குஷன்காரர் ஓடி வந்தார். வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தலை முழுக்கத் தடவினார். ரத்தம் இல்லை. லேசாகப் புடைத்த மாதிரி இருந்தது. மச்சினன் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான். சிரித்தானா, போதும். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மாப்ளே, உங்க அக்காகிட்ட மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா உன்னை மூட்டை கட்டிடுவா."

அவன் தலையை ஆட்டினான். எந்நேரமும் ஆடுகிற தலை அது. சம்மதமா, நோயா என்று யார் கண்டது? சம்மதம் என்று இவரே வைத்துக்கொண்டார். மண் ஒட்டிய சட்டையைக் கழற்றி, தன் கையாலேயே துவைத்துக் காயப்போட்டார். கறை எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற பெண்டாட்டி அல்லவா.

வெள்ளி, சனி ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சினன், "த...லை..." என்றான்.

"தலையணையா? சரியில்லையா?" என்றார் குஷன்காரர். ஐந்துகூட எண்ணவில்லை. அன்றைக்கே பழைய தலையணையைப் பிரித்து ஃபோமை மாற்றினார். திங்கட்கிழமை காலையிலும் அதே "த...லை..."தான். ரொம்ப மெத்தென்று இருக்கிறதோ என்று கெட்டியாக ஒன்று தைத்தார். அன்று மத்தியானமும் அதே பல்லவி. பின்னங்கழுத்துக்கு நடுவில் பள்ளம் விட்டு, விமான சீட்டுக்குத் தைக்கிற மாதிரி மூன்றாவது ஒன்று தைத்தார். மச்சினன் மூன்றையும் வலது கையால் தட்டித் தள்ளினான். மூன்றாவது போய் மெஷின் மேல் விழுந்தது.

"ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட இவ்வளவு பண்ண மாட்டாங்கடா. என்ன எழவுத் தலையணைதான் வேணும் உனக்கு?" என்று கத்தினார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

தலை என்றால் தலைதான். சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அது ஏன் தலையணையாகவே கேட்டது? முப்பது வருஷமாகப் பஞ்சிலும் ஃபோமிலும் புரண்ட காது என்று சொல்லலாம். ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. தலை என்று கேட்டால் தொட்டி ஞாபகம் வரும், தொட்டி ஞாபகம் வந்தால் மனைவியிடம் சொல்ல வேண்டி வரும். தலையணை என்று கேட்டால் ஒரு மீட்டர் துணியோடு காரியம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாடு ஊட்டும்போது அவர் மனைவியிடம் சொன்னார். "இங்க பாரு, இடது கை எவ்வளவு அமைதியா இருக்கு. புது மாத்திரை கேக்குது போல." அவளும் பார்த்தாள். பத்து வருஷமாக ஆடிய கை மடியில் சும்மா கிடந்தது. இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

புதன்கிழமை காலை அவள் வேலைக்குப் போன ஒரு மணி நேரத்தில் மச்சினன் வாந்தி எடுத்தான். மூச்சுக்குழாயில் ஏறிவிடாமல் குஷன்காரர் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் துணியைச் சுற்றி வாயைச் சுத்தம் செய்தார். இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதற்கப்புறம் அவன் போட்ட ஆட்டம் அவர் அறியாதது. வலது காலால் சுவரை உதைத்தான், முனகினான், அவர் தொட்டால் தட்டிவிட்டான். திடீரென்று ஓய்ந்துபோய்க் கண் செருகினான். கூப்பிட்டால் முழித்துப் பார்த்துவிட்டு மறுபடி உதைத்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மனைவிக்கும் சொன்னார். மருந்துப் பட்டியல், நோயைப் பற்றி நரம்பு டாக்டர் எழுதிக்கொடுத்த தாள், கெட்டியாக்கும் பவுடர் டப்பா, எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. வெள்ளை வெளிச்சம், எங்கேயோ ஒரு மெஷின் விடாமல் கீச்சிட்டது, ஸ்ட்ரெச்சரைச் சுற்றி ஐந்தாறு பேர். மச்சினனின் ஆட்டம் இரண்டு மடங்கானது. கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயசு, முந்தின நாளிலிருந்து உட்காராத முகம். கேள்விகள் மளமளவென்று விழுந்தன.

"தலை வலிக்குதா?"

ஒன்று, இரண்டு, மூன்று.

"வாந்தி எத்தனை தடவை?"

ஒன்று, இரண்டு.

"தண்ணி போடுவீங்களா?"

"ஆ...மா" என்றான் மச்சினன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். குஷன்காரர் பதறிப்போனார். "ஐயோ சார், தண்ணியே இவனுக்கு ஆகாது சார். பவுடர் போட்டுக் கெட்டியாக்கித்தான் கொடுக்கறோம்!"

"நான் அந்தத் தண்ணியக் கேக்கல."

"எந்தத் தண்ணியும் இல்ல சார். இவன் பதில் லேட்டா வரும். நீங்க கேட்டதுக்கு இல்ல அது, முன்னாடி கேட்டதுக்கு." பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

டாக்டர் தாளைப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சரி. அப்ப அந்த ஆமா எந்தக் கேள்விக்கு?"

பின்னோக்கி எண்ணினால் போதும். வாந்தி எத்தனை தடவை என்றால் யாராவது ஆமா என்பார்களா? குஷன்காரருக்கு அது எந்தக் கேள்விக்கு என்று பளிச்சென்று தெரிந்தது.

"தெரியல சார்" என்றார்.

"கீழே விழுந்தாரா? தலையில அடி?"

"இல்ல சார். ரூம் பூரா ஃபோம் போட்டிருக்கேன்." வாய் முந்திக்கொண்டது. இன்றைக்கு ஒரு நாள் எப்படியாவது தாண்டிவிட்டால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று அவர் மனசு கணக்குப் போட்டது. மனுஷ மனசு அப்படித்தான். ஸ்ட்ரெச்சரில் கிடப்பவனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழியைத்தான் பார்க்கும்.

டாக்டர் தாளை மடித்துக் கொடுத்தார். "இந்த நோய் முத்தினா இப்படித்தான் கை மீறும். தூங்க ஊசி போடச் சொல்றேன். இப்போதைக்குக் கை காலைக் கட்டிடுங்க, விழுந்துடப் போறார். அடங்கினதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்." அடுத்த படுக்கையிலிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார்.

கட்டுகிற துணியோடு வந்தவள் வயசான ஒரு சிஸ்டர். குள்ளமான, கனத்த அம்மாள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மச்சினனையே பார்த்தாள். அப்புறம் துணியைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்தாள். சுற்றி நின்ற ஆட்களை விரட்டினாள். திரையை இழுத்தாள். மேலே எரிந்த விளக்கை அணைத்தாள். கீச்சிட்ட மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினாள். முக்காலியை இழுத்துப் போட்டு, அவன் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"தம்பி, எங்க கஷ்டமா இருக்கு?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"த...லை..."

"தலையணை கேக்கறான் சிஸ்டர்" என்றார் குஷன்காரர். "நாலு நாளா இதே ரோதனைதான். மூணு தைச்சுக் கொடுத்துட்டேன், ஒண்ணும் பிடிக்கல."

சிஸ்டர் எழுந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து மெதுவாக அவன் தலைக்கடியில் வைக்கப் போனாள். மச்சினன் வலது கையால் அதை வீசி அடித்தான். அது குஷன்காரர் மார்பில் வந்து விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் அவர்.

"நான் உங்களக் கேக்கல, அவரைக் கேட்டேன். கொஞ்சம் வாயை மூடிட்டு நில்லுங்க."

மறுபடி உட்கார்ந்தாள். அவன் முகத்தையே பார்த்தாள். குஷன்காரர் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் எண்ணினார். பத்து. பதினைந்து. இருபது. அவன் உதடு திறந்து மூடியது. கழுத்து வெட்டி இழுத்தது, திரும்பி வந்தது. இருபத்தெட்டு.

"தலை." மூச்சு வாங்கினான். கண் நேராக மச்சானைப் பார்த்தது. "அ...ணை... இல்ல."

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். மச்சினனின் வாய்கூட ஒரு பக்கம் லேசாகக் கோணியது. குஷன்காரர் தலையணையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

சிஸ்டர் இப்போது வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலது கை இந்த ஆட்டம் ஆடுது. இடது கை ஏன் ஆடல? எப்பவும் இப்படியா?"

"இல்ல... ரெண்டு நாளாத்தான். மருந்து கேக்குதுன்னு நெனச்சோம்."

அவள் அந்தக் கையைத் தூக்கி விட்டாள். தொப்பென்று விழுந்தது. "மருந்து கேட்டா ரெண்டு கையும் அடங்கும். ஒரு கை மட்டும் அடங்காது" என்றாள். "இவர் எங்கயாவது விழுந்தாரா? யோசிச்சுச் சொல்லுங்க."

திரை விலகியது. சலவைக்கூடத்துச் சீருடையிலேயே மனைவி நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. தம்பியைப் பார்த்தாள், தலையணையோடு நின்ற புருஷனைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை சொன்னால் மச்சினன் வீட்டை விட்டுப் போவான். சொல்லாவிட்டால் உலகத்தை விட்டே போவான். இதைப் புரிந்துகொள்ள அந்த மனுஷனுக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது. எங்கே போய் முட்டிக்கொள்வது!

"விழுந்தான் சிஸ்டர்" என்றார். "போன வியாழக்கிழமை. பின்கட்டுல, சிமென்ட் தொட்டியில மண்டை மோதிச்சு. நான்தான் பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சேன். நான்தான் மறைச்சேன். அந்த டாக்டர் கேட்டப்பவும் பொய் சொன்னேன். நாலு நாளா தலை தலைன்னு சொல்லிட்டே இருந்திருக்கான்."

சிஸ்டர் அவரைத் திட்டக்கூட நிற்கவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு போனாள். அடுத்த நிமிஷம் கண்ணாடி டாக்டர் ஓடி வந்தார். டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தார், இடது காலைத் தூக்கிப் பார்த்தார். "ஸ்கேன், உடனே" என்றார். ஊசியை ரத்து செய்தார். தண்ணி போடுபவர் என்று எழுதியிருந்ததைத் தானே அடித்தார். "மன்னிச்சுக்கங்க" என்று மச்சினனிடம்தான் சொன்னார், அதுவும் அவனுக்கு எட்டட்டும் என்று ஒரு கணம் நின்று சொன்னார்.

ஆடுகிறவனை ஸ்கேன் எடுக்க முடியாது. மயக்க டாக்டர் வந்து கூடவே நின்று, மூச்சைக் கவனித்துக்கொண்டே அளவாகத் தூங்க வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சினன் அசையாமல் கிடந்தான். பகல் வெளிச்சத்தில் அந்த உடம்பை இப்படி அசைவில்லாமல் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. குஷன்காரர் பார்க்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில், வலது பக்கம் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு நாள் சேர்ந்த ரத்தம். அது மூளையை அழுத்தி, இடது கையை அடக்கி வைத்திருக்கிறது. ஓட்டில் துளை போட்டு எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். "இந்த நோயில மூளை கொஞ்சம் சுருங்கும். சின்ன அடிக்கே ரத்தக்குழாய் அறுந்துடும். எவ்வளவு சின்ன அடியா இருந்தாலும் சொல்லிடணும்" என்றார். குஷன்காரர் தலையைக் குனிந்துகொண்டே பையிலிருந்த பட்டியலை நீட்டினார். எந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, எந்த ஊசி இவனை மரக்கட்டை மாதிரி விறைக்க வைத்தது, விழித்ததும் யாரும் தண்ணீர் கொடுத்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றைக்கூட விடாமல் சொன்னார். அறுவை மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மத்தியானம் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது.

"வெள்ளிக்கிழமை அந்தச் சட்டையக் கொடியில பாத்தேன்" என்றாள் அவள். "இருபது வருஷத்துல ஒரு கைக்குட்டை துவைச்சதில்ல நீங்க. அப்பவே கேட்டிருக்கணும். கேட்டா நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, அப்புறம் நான் சொன்னபடி செய்ய வேண்டி வரும். அதான் கேக்கல."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் முழங்கையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். "என் தம்பியக் கொல்லப் பாத்தீங்களேய்யா!" என்று அழுதாள். "நானும் சேர்ந்துல்ல பாத்துட்டு இருந்தேன்!" போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தடுக்கவில்லை. இன்னும் நாலு குத்துக் குத்தியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாள் மச்சினன் தூங்கித் தூங்கி விழித்தான். மூன்றாம் நாள் இடது சுண்டுவிரல் துள்ளியது. அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழுக் கையும் ஆட ஆரம்பித்தது. பத்து வருஷமாக எந்த ஆட்டத்தை நிறுத்த ஊர் ஊராக மருந்து தேடினார்களோ, அதைப் பார்த்துக் குஷன்காரர் வார்டில் கை தட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரர் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்.

ஐந்தாம் நாள் காலை, கெட்டித் தண்ணீர் ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, மனைவி தம்பியின் கண்ணுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். புருஷனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நான் ஒரு முடிவு சொல்லி வச்சிருந்தேன். அதை நான் சொன்னதே தப்பு. உன்னைக் கேக்கவே இல்ல. இப்பக் கேக்கறேன். வீடா, காப்பகமா? நீயே சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் நாங்க வாயத் திறக்க மாட்டோம்."

குஷன்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வீடு என்று சொல்லடா மாப்ளே என்று மனசுக்குள் கெஞ்சினார். ரெண்டே எழுத்து, சட்டென்று சொல்லிவிடலாம். அகல நாற்காலியைப் பின்கட்டுக்கே நிரந்தரமாகப் போட்டுவிடலாம், தொட்டியை இடித்துத் தள்ளிவிடலாம் என்றெல்லாம் ஓடியது. இருபது தாண்டியது. முப்பது தாண்டியது.

"காப்...பகம்."

அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மனைவி மட்டும் குரலை அடக்கிக் கேட்டாள். "ஏன்டா?"

மறுபடி காத்திருந்தார்கள். அவன் தோள் துள்ளியது, கண் மூடித் திறந்தது.

"அங்க... விழுந்தா... எழுதி... வைப்பாங்க."

"நானும் சொல்லிடுவேன் மாப்ளே!" குஷன்காரருக்குத் தாங்கவில்லை. கொடுத்த வாக்கெல்லாம் காற்றில் போயிற்று. "இனிமே ஒரு கீறல் விழுந்தாலும் சொல்லிடுவேன். உங்க அக்காகிட்ட, டாக்டர்கிட்ட, ரோட்டுல போறவன்கிட்டகூடச் சொல்லிடுவேன். சத்தியமா."

மச்சினன் அவரைப் பார்த்தான். கோபம் இல்லை. பட்டறையில் தையல் கோணல் என்று சொல்லும்போது இருக்கிற அதே முகம். இந்தத் தடவை பதில் வர ரொம்ப நேரம் பிடித்தது. குஷன்காரர் குறுக்கே பேசவில்லை. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் அவன் வாயாலேயே வரட்டும் என்று கடைசி வரைக்கும் காத்திருந்தார்.

"மாட்டீங்க... மச்சான். என்னை... அனுப்ப... உங்களுக்கு... மனசு... வராது."

மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். குஷன்காரர் அழுதார். துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைத்துக்கொள்ளவும் இல்லை.

"ஆமா மாப்ளே" என்றார்.